காண்க: விவாகம்

கடைசித் தொகுதியில் 'விவாகம்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு வரிகூட இல்லை. அச்சகத்திலிருந்து வந்த ஆள், கட்டுரை இல்லாமல் நகர மாட்டேன் என்று துணையாசிரியருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கத்தோலிக்கக் கலைக்களஞ்சியத்துக்குத் திருமணம் பற்றிய கட்டுரையை மலையடிவாரப் பங்குக் கோயிலின் வயதான சாமியார்தான் எழுத வேண்டும் என்பது ஆயரின் விருப்பம். முதல் தொகுதி அச்சேறியபோது கட்டுரை வரவில்லை. துணையாசிரியர் அசரவில்லை. 'இல்லறம் - காண்க: கல்யாணம்' என்று போட்டுத் தப்பித்தார். 'க' வந்தது, கட்டுரை வரவில்லை. 'கல்யாணம் - காண்க: திருமணம்' என்று போட்டார். 'த'வில் 'காண்க: மணவாழ்வு'. 'ம'வில் 'காண்க: விவாகம்'. தமிழில் இதற்கு இத்தனை சொல் வைத்த புண்ணியவான்களை அவர் மனதார வாழ்த்தினார்.

வாசகர்கள் அவரை வாழ்த்தவில்லை. இத்தனை தொகுதி வாங்கியும் தனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார்.

முதன்மை ஆசிரியர் கூப்பிட்டார். அவரும் ஒரு சாமியார்தான்.

"அருட்சாதனம் ஏழு, கல்யாணமும் அதுல ஒண்ணு. நம்ம புத்தகத்துல ஆறுதான் இருக்கு. ஆயர் கேட்டா என்ன சொல்றது?"

"'வைபவம்'னு ஒரு வார்த்தை இருக்கு ஃபாதர். 'காண்க: வைபவம்'னு போட்டா இன்னும் ஒரு வாரம் தாங்கும்."

"அதுக்கப்புறம் பின்னட்டைதான். போய் வாங்கிட்டு வாங்க. அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

அவங்க என்றால் மெய்ப்புத் திருத்தும் பெண். மலையடிவாரச் சாமியாரின் கோழிக்கிறுக்கலை அவள் ஒருத்தியால்தான் படிக்க முடியும். அதனால் ஒவ்வொரு தொகுதிக்கும் இருவருமாகவே பஸ் ஏறினார்கள். சாமியார் டீ கொடுத்து உபசரிப்பார். மணிக்கூண்டு, மெழுகுவர்த்தி என்று யாரும் கேட்காத கட்டுரைகளை எடுத்து நீட்டுவார். கல்யாணத்தைக் கேட்டால் மட்டும் இன்னும் கனியவில்லை, அடுத்த தடவையும் இரண்டு பேருமாக வாருங்கள் என்று சொல்லிவிடுவார்.

துணையாசிரியருக்கு இதில் ஒரு சொந்தக் கவலையும் இருந்தது. இந்தத் தொகுதியோடு அலுவலகத்தை மூடுகிறார்கள். அவள் வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். அவளிடம் சொல்ல வேண்டியதை ஒவ்வொரு பயணத்திலும் தொண்டைவரை கொண்டுவந்து, கடைசியில் அரைப்புள்ளியைப் பற்றிப் பேசிவிட்டு இறங்குவார். அவளும் பாவம், அரைப்புள்ளிக்கு ஆதரவாக நாலு வார்த்தை சொல்லுவாள்.

அன்றும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

"'வி'க்கு அப்புறம் என்ன பண்றதுன்னே தெரியல" என்றார்.

"'வீடு' இருக்கே" என்றாள் அவள், மெல்ல.

அவர் தீவிரமாக யோசித்தார். "வீடுபேறுதானே? அதை 'மோட்சம்'ல சேர்த்தாச்சே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அரைப்புள்ளிக்குக்கூட ஆதரவு கிடைக்கவில்லை.

சாமியார் வீட்டில் இல்லை. நோயாளி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார். துணையாசிரியருக்குக் கை கால் ஓடவில்லை. தானே எழுதிவிடுவது என்று முடிவு செய்து, சாமியாரின் மேசை முன்னால் உட்கார்ந்து, 'திருமணம் என்பது இருவர்' என்று தொடங்கினார். அங்கேயே நின்றுவிட்டார்.

"இருவர்னு போட்டுட்டேன். அப்புறம் என்னன்னு வரமாட்டேங்குது" என்றார் அவளிடம்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "நீங்கதான் எழுதணும்."

அவருக்குக் காது சிவந்தது. பேனாவின் மூடியைத் தேடுவதுபோல மேசைக்கு அடியில் குனிந்தார். அப்போதுதான் சமையல்காரம்மா டீயுடன் வந்தார். துணையாசிரியர் அப்படியே நிமிர்ந்து, கல்யாணக் கட்டுரை எந்த நிலையில் இருக்கிறது என்றாவது தெரியுமா அம்மா என்று கெஞ்சினார்.

அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார்.

"அதுவா தம்பி? நீங்க ரெண்டு பேரும் முதல் தடவை வந்துட்டுப் போன அன்னிக்கே சாமி எழுதி முடிச்சு என்கிட்ட கொடுத்துட்டாரு. மாவு டப்பாவுக்குப் பின்னால பத்திரமா இருக்கு. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் கண்ணுலயே காட்டக் கூடாதாம்."