தப்பு விடைக்கு ஒரு விரல்

“வடை,” என்றான் அசோகன்.

ஜெரால்டுக்கு அழுகையே வந்துவிட்டது. பூதத்தின் குரலில் விடுகதையை மறுபடி சொன்னான். “வட்டமான வூடு, நடுவுல வெட்டவெளி. குடி வர்றது ஒரே ஆளு. வந்தா காலி பண்றதே இல்ல. அது இன்னா?”

“அதான் சொல்றேனே மாமு, ஓட்டை வடை. சமையக்கட்டுலேர்ந்து வாசன வந்துகினே கீது. ஒண்ணாவது கண்ணுல காட்டுறாங்களா ஒங்கம்மா?”

ராயபுரத்தில் ஜெரால்டு வீட்டு மேசையைச் சுற்றி ஞாயிறு மதியம்தோறும் நடக்கிற விளையாட்டு இது. ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி, பூதங்களோடு மோதிப் புதையல் தேடவேண்டும். அசோகன் மந்திரவாதி, மகிமா திருடி, சில்வியா வில்வீராங்கனை, கூட்டத்துக்கே தலைவி. பூதம், குகை, ராஜா, மழை, வெயில் எல்லாம் ஜெரால்டு.

இன்றைய குகைக் கதவு, விடை சொன்னால்தான் திறக்கும். விடை, மோதிரம். சில்வியா அதைச் சொன்னதும் சட்டைப்பையில் இருக்கும் நிஜ மோதிரத்தை எடுத்து நீட்டிவிடுவதாக ஜெரால்டின் திட்டம். துறைமுகத்தில் நாளெல்லாம் வாக்கிடாக்கியில் கத்துகிற வாய், அவளிடம் மட்டும் திறக்க மறுத்தது. அவள் வீட்டிலோ மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

“தப்பு. தலைவிக்கு ஒரு விரல் போச்சு,” என்றான். தப்பான விடைக்குக் கதவு தலைவியின் விரலைக் கடித்துவிடும். விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று அவனே வைத்த விதி.

“அவன் ஒளர்னா என் விரலா?” என்று முறைத்தாள் சில்வியா. “சரி, சாக்கடை மூடி.”

“அதுல யாரு குடி வருவா? இன்னொண்ணு போச்சு. ஒரு க்ளூ தரேன். மாதா கோயில்ல சாமியார் மந்திரிச்சுக் குடுப்பாரு.”

“புது ஆட்டோ டயரு!” மகிமா துள்ளினாள். “எங்க மாமா வண்டிய இப்பத்தான் மந்திரிச்சாரு.”

“ஐயோ, விரல்ல போடுறது!” என்று ஏறக்குறைய விடையையே கொட்டிவிட்டான் ஜெரால்டு.

“ஓட்டு மை.”

“மருதாணி.”

“பிளாஸ்திரி.”

விரல்கள் போய்க்கொண்டே இருந்தன. உள்ளே யாரோ ஆண்குரலில் இருமினார்கள். டிவியாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

“பேஜாரா கீதுபா இந்தக் கதவு. வாங்க, ஊருக்கே திரும்பிடலாம்,” என்றாள் சில்வியா.

பதறிப்போன ஜெரால்டு, ஊர்ச் சத்திரத்து வாசலிலும் அதே கதவை வைத்தான்.

“கதவு இன்னாடா தொரத்திக்கினு வருது!” என்று அசோகன் அதை உடைக்கப் பகடை உருட்டினான். பார்த்து இருபது விழுந்தது. அதற்கு மேல் அந்தப் பகடையில் எண்ணே கிடையாது. கதவு தூள்தூள். ஜெரால்டு அந்தத் தூளுக்கும் உயிர் கொடுத்துக் கெஞ்சவைத்தான்.

“ஒரே ஒருவாட்டி சரியாச் சொல்லுங்கம்மா, புண்ணியமாப் போவும்.”

“சாவி வளையம்,” என்றாள் சில்வியா.

ஜெரால்டு கணக்குப் பார்த்தான். அவளுக்கு மிச்சம் ஒரே விரல். அதுவும் போனால் மோதிரத்தை எங்கே போடுவது?

அவள் மறுபடி வாயைத் திறந்தாள்.

“வேணாம், சொல்லாத!” எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. “கதவும் வேணாம், விடுகதையும் வேணாம். சில்வியா, என்னக் கண்ணாலம் கட்டிக்கிறியா?”

சில்வியா தன் நிஜ விரல்கள் பத்தையும் மேசைமேல் விரித்து வைத்தாள். “எதுல போடுவ?” என்று கேட்டுச் சிரித்தாள். சந்தோஷத்தில் ஜெரால்டுக்குச் சட்டைப்பை எந்தப் பக்கம் என்றே மறந்துபோனது.

சமையலறையிலிருந்து அவன் அம்மா ஹில்டா குரல் கொடுத்தாள்.

“அசோகா, அவன் வாயாலயே கேட்டுட்டானா? அப்போ நீங்க தப்புத் தப்பாச் சொன்னது போதும், உள்ள வாங்க. மொதவாட்டியே சில்வியாவோட அப்பா ‘மோதிரம்’னு கத்தப் பாத்தாரு, அவர் வாய அடைச்சே சுட்ட வடையெல்லாம் தீந்துபோச்சு!”