துருவக் கிராணியின் அவல் மூட்டை

மலாக்காவிலேயே வட துருவத்துக்குப் புறப்பட முழுத் தயாராக இருந்த ஒரே மனிதர் எங்கள் துருவக் கிராணிதான். குறை ஒன்றுதான்: மனிதருக்கு வழி தெரியாது. நியாலாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் குமாஸ்தாக்கள் நாங்கள்; அவர் பெரிய கிராணி, நான் சின்னக் கிராணி. ஆபீசிலிருந்து வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர் ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோரில் போய் நிற்பார். காம்பஸ் வாங்கிய பிறகு நிலைமை இன்னும் மோசமானது.

பனிக்குப் பழக வேண்டும் என்று நண்பகல் வெயிலில் கம்பளி மஃப்ளர் கட்டுவார். தினமும் அரை மணி ஐஸ்கட்டி மேல் உட்காரத் திட்டமிட்டு, டவுனிலிருந்து பஸ்ஸில் ஐஸ் வரவழைத்தார். வந்து சேர்ந்தது ஈரச் சாக்கு. அதன்மேல் உட்கார்ந்து பற்களைத் தந்தியடிக்க வைத்துக்கொண்டார்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் அது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாதென்று தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி. கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறு போனாலும் ஜெயில். கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த சட்டம். ஒரு ஞாயிறு காலை, துருவக் கிராணி முதுகில் மூட்டையோடு அந்தக் கேட்டில் போய் நின்றார்.

"என்னா கிராணியாரே மூட்டை?" என்றார் காவலில் இருந்த போலீஸ் சார்ஜன்.

"அவலு, வெல்லம், மத்தி டின்னு நாலு."

"யாருக்கு?"

"எனக்குத்தான் சார். சாப்பாடு இல்லாம எவன் பயணம் போவான்? இன்னிக்கு அந்தக் குன்றுக்கு, பழகிக்க. அப்புறம் வட துருவம் லா."

ஆள் விட்டு என்னை அழைத்தார்கள். நான் ஓடிப்போனபோது சார்ஜனின் முகம் கறுத்திருந்தது.

"உள்ள போட்டா வருஷக்கணக்கா வெளிய வர முடியாது. இல்லாட்டி நாடு கடத்திக் கப்பல் ஏத்திருவாங்க, தெரியுமா?"

துருவக் கிராணியின் முகம் மலர்ந்தது. "கப்பல் எந்தப் பக்கமா சார் போவும்?"

நான் அவர் காலை மிதித்தேன்.

"எத்தனை தடவை இப்படிச் சரக்கு கொண்டு போயிருக்கே? தெரிஞ்ச வழிதானே, அந்தக் குன்றுக்கு நட பாக்கலாம். யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார் சார்ஜன்.

முன்னால் காம்பஸோடு துருவக் கிராணி, பின்னால் துப்பாக்கியோடு ஆறு பேர், கடைசியில் நான். குன்று எதிரிலேயே தெரிந்தது. ஒரு பாதை நேராக அதற்குப் போனது. அதில் அவர் கால் வைத்துவிட்டால், காட்டு வழி தெரிந்த ஆள் என்று முடிந்தது கதை. ஒரு மனிதன் வழி தவற வேண்டுமென்று நான் சாமி கும்பிட்டது அன்றுதான். அது அநாவசியம். காம்பஸைத் தட்டிப் பார்த்துவிட்டு எதிர்த் திசையில் திரும்பினார்.

ஒன்றரை மணி நேரம் ரப்பர் மரங்களுக்கிடையே நடந்தோம். கடைசியில் ஒரு கம்பிவேலியும் கேட்டும் தெரிந்தன. துருவக் கிராணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இது எந்த ஊரு?" என்றார்.

எங்கள் தோட்டத்துக் கேட்டேதான்.

சார்ஜன் மரத்தடியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இந்த மனுசன நம்பியிருந்தா காட்டுல இருக்கறவன் எல்லாம் பட்டினியிலேயே செத்திருப்பான்! அவலை வீட்டுலயே வெச்சுத் தின்னுங்க கிராணியாரே. தம்பி, வீடு வரைக்கும் நீங்களே கொண்டு போய் விடுங்க."

கொண்டுபோய் விட்டேன். அதற்குள் இரண்டு முறை தவறாகத் திரும்பினார்.

பின்னாளில் பத்திரிகை வேலையாக நான் பனி மூடிய ஒரு தேசத்துக்குப் போனேன். சுற்றிலும் வெள்ளை, ஆள் அரவமே இல்லை. இருந்தும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். நியாலாஸ் கடைத்தெருவுக்கு என்று கிளம்பியவர், வழி தவறி இங்கே வந்து நிற்கக்கூடும்.