வேலிக்கு அப்பால் போன கோட்டு

"உள்ள கொண்டு போனீங்க, சரி. வெளிய கொண்டு வந்தா அது இறக்குமதி" என்றார் சுங்க அதிகாரி ரம்ஸி.

வளாக வாசலில் ஷவ்கி கையிலிருந்த கோட்டைப் பார்த்தார். போர்ட் சயீத் ஏற்றுமதி ஆடை வளாகத்தில் பொத்தான் சரிபார்ப்பவர் அவர். ஆணுக்கு வலப்பக்கம், பெண்ணுக்கு இடப்பக்கம் என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவர். வேலிக்கு உள்ளே இருப்பதெல்லாம் சட்டப்படி வெளிநாடு என்பது மட்டும் காலையில் புத்தியில் உறைக்கவில்லை.

"என் பொண்டாட்டி கோட்டு சார். லைனிங் தைக்கத்தான் எடுத்துட்டு வந்தேன்."

மனைவி இன்ஸாஃப் கோபித்துக்கொண்டு, கால்வாய்க்கு அக்கரையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "எத்தனை தடவை சொன்னேன்? உங்களுக்கு எதுதான் ஞாபகம் இருக்கு? அந்தக் கோட்டைத் தைச்சு எடுத்துட்டு வாங்க, அப்புறம் திரும்பி வர்றதைப் பத்திப் பேசலாம்" என்பதுதான் கடைசிப் பேச்சு.

"பழசா?" என்றார் ரம்ஸி.

"ரொம்பப் பழசு சார்."

"பழைய துணி இறக்குமதிக்குத் தடை."

"அப்ப புதுசுன்னு வச்சுக்குங்க!"

"புதுசுன்னா வரி. எந்த நாட்டுல தைச்சதுன்னு சான்றும் வேணும்."

லைனிங் தைத்துக் கொடுத்த தையல்காரி நகாத் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். "போட்டுக்கிட்டு நடங்கண்ணே. உடம்புல இருக்கிற துணிக்கு ஏது வரி?"

ஷவ்கி காலரைப் பார்த்தார். இன்ஸாஃப் குத்தி வைத்த வெள்ளைத் துணிப் பூ பளிச்சென்று சிரித்தது.

"பொம்பளைக் கோட்டையா? ஊரே சிரிக்கும். போம்மா அங்கிட்டு!"

அவசரத்தில் வாய் தவறியது. "சார், சாம்பிள்னு சொல்லி விட்டுடுங்களேன்!"

"அட, அதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று ரம்ஸி சந்தோஷமாகக் கத்தரிக்கோலை எடுத்தார். சாம்பிளுக்கு வரி இல்லையாம், ஆனால் யாரும் விற்றுவிடாதபடி வெட்டி விட வேண்டுமாம். தடுப்பதற்குள் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்துவிட்டது.

"இப்ப தாராளமாப் போகலாம்."

படகில் அக்கரைக்குப் போகும்போது ஷவ்கி ஓட்டையைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் வெட்கத்தை விட்டிருந்தால் கோட்டு பிழைத்திருக்குமே.

இன்ஸாஃப் ஓட்டையைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நடந்ததையெல்லாம் மாமியாரிடம் சொல்லித் தீர்த்தார் ஷவ்கி.

"போட்டுக்கிட்டே வந்திருக்கலாமே?"

"பொம்பளைக் கோட்டைப் போய் எப்படி அத்தை..."

மாமியார் கோட்டை அவர் மடியில் விரித்தாள்.

"பொத்தான் எந்தப் பக்கம்னு பாருங்க மாப்பிள்ளை. இது உங்க கோட்டு. நிச்சயம் பண்ணின அன்னிக்கு, படகுல அவளுக்குக் குளிருதுன்னு நீங்கதானே கழட்டிப் போர்த்திவிட்டீங்க?"