பால் ஐஸ் உறை காத்த பரணி

ஐந்தாம் வகுப்பின் அஞ்சா நெஞ்சினளும், பசுமை மன்றத்தின் பச்சை வில்லையைச் சட்டையில் சூடியவளும், பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு மட்டும் புறமுதுகு காட்டியவளுமான ஆனி ரோஸ் வாழ்க! பெரம்பலூரில் அவள் பால் ஐஸ் தின்றதையும், அதன் உறையைக் காத்து அரியலூர் வரை பஸ்ஸில் போரிட்டதையும் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமைதான் மன்றத்தின் முன் கை நீட்டிச் சூளுரைத்திருந்தாள்: "என் கைக் குப்பை தெருவில் விழாது!" சூள் தவறியோர் திங்கட்கிழமை இறைவணக்கத்தில் எல்லோரும் பார்க்க வில்லையைக் கழற்றித் தர வேண்டும். பொய் சொல்லவும் அவளுக்கு வராது.

கவுனுக்குப் பை இல்லை. பாலொழுகும் உறையை, முற்றுகைக்குள்ளான கோட்டையின் கடைசிச் சாவிபோல் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

முதல் கணை பக்கத்து இருக்கையிலிருந்து பாய்ந்தது.

"ஜன்னல் வழியா போடுடி. ஊரே போடுது," என்றாள் அம்மா சாந்தி மேரி.

"ஒன் பேக்குல வச்சிக்கம்மா."

"பிசுபிசுன்னு இருக்கு, என் புதுப் பேக்குலயா? போடி!"

சிமெண்ட் லாரிகள் யானைப்படையென எதிர்வந்து புழுதி மாரி பொழிந்தன. முன்னிருக்கைகளிலிருந்து வாழைப்பழத் தோல்களும் தண்ணீர் பாட்டில்களும், தோற்ற படை எறிந்தோடும் கேடயங்கள்போல் ஜன்னல்தோறும் வீழ்ந்தன. விரலோடு விரல் ஒட்டியது. ஓர் ஈ, பகையரசன் விடுத்த தூதென வந்து மூடிய கையைச் சுற்றிச் சுற்றிப் பேசிப் பார்த்தது. ஆயினும் அவள் பிடி தளரவில்லை.

படிக்கட்டிலிருந்து கண்டக்டர் செல்லதுரை முழங்கினார்: "பாப்பா, கையில என்ன, தங்கக் காசா? இப்படிக் குடு, வெளிய வுட்டெறியறேன்!"

"வேணாங்க சார். குப்பைத்தொட்டியிலதான் போடுவேன்."

"கலெக்டரம்மா சொல்லிட்டாங்க, கேட்டுக்கங்க!" என்றது பின்னிருக்கை. பஸ்ஸே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அவர்கள் இறங்கும் இடமும் வந்தது. ஆகா! டீக்கடை ஓரத்தில், பச்சை மேனியும் 'என்னைப் பயன்படுத்துக' என்னும் மெய்க்கீர்த்தியும் தாங்கி, வரம் தரக் காத்திருக்கும் தெய்வமென நின்றது ஒரு குப்பைத்தொட்டி! இறங்குவோர் கூட்டமெனும் கடலைக் கிழித்து ஓடி, வெற்றி முரசு நெஞ்சில் அதிர, ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து, உறையை அதன் திருவாயில் சமர்ப்பித்தாள் வீராங்கனை.

தொட்டிக்கு அடித்தகடு இல்லாததால் உறை அவள் செருப்பின் மேலேயே வந்து விழ, அம்மா தன் புதுப் பேக்கின் ஜிப்பைத் திறந்தாள்.