கொரட்டூருக்குள் முடிக்க வேண்டிய கதை

வேகமானி என்றொரு பிராணி உண்டு. வண்டியில் முள் ஆடுமே, அந்த வேகமானி இல்லை; இது நம்மோடு மின்சார ரயிலில் ஏறும், மாங்கா படிக்கும். உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்கிற மாங்காய் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பான்காரர்கள் வரைகிற படக்கதை. வாள், டிராகன், சாபம் பிடித்த ராஜ்யம், அதை மீட்கக் கிளம்பும் பையன் எல்லாம் அதில் உண்டு. நீங்களும் நானும் படித்தால் ரசிப்போம். வேகமானி அளக்கும். டிராகன் மூன்றாம் பக்கத்தில் வந்தால் அவசரம், முப்பதாம் பக்கத்தில் வந்தால் இழுவை. பின்னே எப்போதுதான் ஐயா வருவது? கேட்டால், "மொதல் தொண்ணூறு அத்தியாயத்தைப் பல்லைக் கடிச்சிகினு தள்ளிடு மாமே, அப்பால பிச்சிக்கும்" என்று தோளில் தட்டும்.

திருநின்றவூர் தமிழரசு அசல் வேகமானி. அம்மா தோசையைச் சட்டென்று தட்டில் போட்டால், முதலில் சட்னி வந்து எதிர்பார்ப்பை ஏற்றியிருக்க வேண்டாமா என்பான்.

தினமும் அவனோடு ரயிலில் வருகிற ஹேமாவதி ஒரு காலை, ஆவடி தாண்டியதும், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றாள். தான் கொரட்டூரில் இறங்குவதற்குள் அவனுக்கு ஏதாவது சொல்ல இருந்தால் சொல்லலாம் என்றாள். உன்னைக் கட்டிக்கொள்ள ஆசை என்று இரண்டு வருஷமாக மனசுக்குள் வைத்துப் புழுங்கிய பிள்ளை. சொன்னானா? முன்கதை இல்லாமல் எப்படிச் சொல்வான்! தன் மனசை விளக்க ஒரு உதாரணம் என்று அண்ணனூரில் டிராகனை இழுத்தான். திருமுல்லைவாயிலில் டிராகனுடைய தாத்தா வந்தார். அம்பத்தூரில் ராஜ்யத்தின் வரைபடம் விரிந்தது. பட்டரவாக்கத்தில் கதாநாயகன் அப்போதுதான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். எதிர் சீட்டு யூசுப் பாய்க்கு, இவனுக்குப் பதில் நாமே சொல்லித் தொலைப்போமா என்று வாய் பரபரத்தது.

கொரட்டூர் வந்துவிட்டது. ஹேமாவதி பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஞாயித்துக்கெயம உங்கம்மாவ இட்டுகினு எங்க ஊட்டுக்கு வந்து பொண்ணு கேளு."

இறங்கிப் போயே போய்விட்டாள். தமிழரசுக்குத் தலைகால் புரியவில்லை. யூசுப் பாயைக் கட்டிப்பிடித்தான், முறுக்கு விற்பவரைக் கட்டிப்பிடித்தான், வில்லிவாக்கம் வரைக்கும் திறந்த வாயை மூடவில்லை. அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு பாயிடம் சொன்னான்:

"எல்லாம் சரி பாய். ஆனா க்ளைமாக்ஸ் கொஞ்சம் அவசரம்."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் பட்டரவாக்கத்துக்கும் கொரட்டூருக்கும் நடுவில் ஹேமாவதியின் மனசை இன்னும் ஒரு பத்தி விளக்கியிருக்கலாமே என்று உங்களுக்கும் பட்டதா? அப்படியானால் கொஞ்சம் நகர்ந்து வழிவிடுங்கள். நான் இறங்கவேண்டிய இடம் வருகிறது.