முகூர்த்தமும் முகத்துவாரமும்

ஆராய்ச்சி மாணவர்களைப் போலக் கெட்ட எண்ணம் படைத்தவர்கள் உலகத்தில் கிடையாது. நாகூர் முகத்துவாரத்தில் மீன்கள் எப்போது மூச்சுத் திணறும் என்று நான் வருடக்கணக்கில் காத்திருந்தேன். மழைத்தண்ணீர் வயல்களிலிருந்து அழுகிய வைக்கோலையும் குப்பையையும் அடித்துக்கொண்டு வந்து ஆற்றில் சேரும்போது, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துபோகும். அதை அளப்பதுதான் என் படிப்பு. (சொந்தக்காரர்களிடம் அம்மா, "மீனுக்கு ஆஸ்துமா பாக்குறா" என்று விளக்கியிருந்தார்.)

காத்திருந்தது கடைசியில் நடந்தது, என் தம்பி குமாரின் கல்யாணத்தன்று.

பெண் வீடு நாகூர். ஆற்றை ஒட்டியே மண்டபம். குடவாசலிலிருந்து முதல்நாளே வந்து இறங்கியிருந்தோம். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட வேண்டும், மற்ற இரண்டையும் நாத்தனார். அவனுக்கு நான் ஒரே அக்கா.

விடியும்போது படகுக்காரர் செல்வம் அண்ணனிடமிருந்து போன். "மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குதும்மா. வர்றீங்களா?"

ஆக்சிஜன் ரொம்பக் குறைவது விடியற்காலையில்தான். வெயில் ஏறினால் போச்சு. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பட்டுப்புடவையோடு, தலை நிறையப் பூவோடு, ஆக்சிஜன் அளக்கும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"அரை மணியில வந்துடுறேன்டா."

"சரிக்கா" என்றான் தம்பி.

ஆற்றில் மீன்கள் வாய் பிளந்து திணறிக்கொண்டிருந்தன. மீட்டரைத் தண்ணீருக்குள் விட்டேன். ஆக்சிஜன் அமோகமாக இருப்பதாகக் காட்டியது. கொஞ்சம் தள்ளிப் போனோம். அங்கேயும் அப்படியே. மல்லாந்து கிடந்த ஒரு மீனுக்குப் பக்கத்திலேயே விட்டுப் பார்த்தேன். நலமோ நலம்!

"தண்ணி இறங்குதும்மா, திரும்பிடலாமா?" என்றார் செல்வம் அண்ணன்.

"இன்னும் ஒரே ஒரு இடம்ண்ணே."

அந்த ஒரு இடத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அவர் இறங்கித் தள்ளினார். நானும் தள்ளினேன். (பட்டுப்புடவை முழங்கால் வரை கறுப்பு ஜரிகை போட்டுக்கொண்டது.) மூச்சு வாங்க நிமிர்ந்தபோதுதான் மீட்டரைக் கவனித்தேன். முனையில் இருந்த மூடியை நான் கழற்றவே இல்லை. அத்தனை நேரமும் அளந்தது மூடிக்குள் இருந்த காற்றை. அவசரமாகக் கழற்றினேன். படகைச் சுற்றி அளப்பதற்குத் தண்ணீர் இல்லை.

கரையிலிருந்து கெட்டிமேளம் கேட்டது.

செல்வம் அண்ணன் தள்ளுவதை நிறுத்திவிட்டு என் புடவையைப் பார்த்தார். "உங்க வீட்டுக் கல்யாணமாம்மா?" என்றார் மெதுவாக.

சேற்றில் நடந்து போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. முடிச்சைச் சித்தி மகள் போட்டிருந்தாள். அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"ரெண்டு நிமிஷம் பொறுங்கன்னு சொல்லிப் பாத்தேன்க்கா. நல்ல நேரம் போயிடும்னுட்டாரு ஐயரு" என்றான் தம்பி. பிறகு, "போன வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

"முடிஞ்சுதுடா" என்றேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும், நேரம் நெருங்கியதும் யாராவது "நாத்தனார் கரையேறிட்டாங்களா?" என்று குரல் கொடுப்பார்கள். பெரும்பாலும் தம்பி மனைவிதான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தம்பி மட்டும் அந்த நேரம் பார்த்து, பந்திக்குத் தண்ணீர் வைக்க எழுந்து போய்விடுவான்.