ஓவசியருக்குக் கிடைத்த வரவேற்பு

கிளிநொச்சியில் அந்தக் காலத்தில் தண்ணீர்கூட ஓவசியரைக் கேட்டுத்தான் ஓடியது. நீங்கள் நம்பமாட்டீர்கள், அவர் நம்பினார். நீர்ப்பாசன வேலைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மனிதர். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும், நாங்கள் ஒருவரும் விசாரித்ததில்லை. இரணைமடுக் குளத்தில் மதகுக் கதவான துருசு திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லிவிட்டு, வரப்பில் குடையோடு காத்து நிற்பார். பிந்தினால் வாய்க்காலுக்கு ஏச்சு விழும். "உனக்கு வெக்கமில்லையோ?" என்று அவர் வாய்க்காலைக் கேட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மாரிகாலம், அவருக்குப் புது விசர் ஒன்று பிடித்தது. வன்னியை ஆண்ட வன்னிமைகள் காலத்தில் நெல் ஏற்றிய வள்ளங்கள் கனகராயன் ஆற்றால் இறங்கி, கடலோரத்துச் சுண்டிக்குளம் களப்பு வரை போனதாம். யார் சொன்னது என்று கேட்டால் ஆற்றைக் காட்டுவார். அதே வழியில் நாங்களும் மூன்று நாள் தண்டு வலித்துப் போகவேண்டும் என்றார். நாங்கள் என்றால் பள்ளிக்கூடத்து மாஸ்டர், ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி, கந்தோர்க் கிளாக்கரான நான். அதுவரை நாங்கள் மூவரும் வலித்தது கிணற்றுக் கயிறு ஒன்றைத்தான். ஆனாலும் அவர் கூப்பிட்டால் மறுக்க வாய் வராது.

புறப்படுவதற்கு முன்பே, கருவாட்டு வண்டிக்காரர் ஒருவரிடம் சுண்டிக்குளத்துக்குச் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், ஊர்ச்சனம் கரையில் நின்று வரவேற்கவேண்டும் என்று.

வள்ளத்தின் முன்பக்கம் தொப்பி, குடை, விசில் சகிதம் ஓவசியர் நின்றார். ஒரு விசிலுக்கு ஒரு வலி. அவர் ஊதாமல் தண்டு அசையக்கூடாது. முதல் நாளே ஆற்றங்கரையில் கிடந்த முதலை ஒன்று தண்ணீருக்குள் வழுக்கி இறங்கியது. நாங்கள் விசிலையும் மறந்து, குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு வலித்தோம். ஓவசியருக்கு வந்த கோபம் முதலை மேல் அல்ல.

"ஒழுங்கு குழம்புது. முதலை தன்ரை வேலையைப் பாக்கட்டும், நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ."

இரண்டாம் நாள் கண்டாவளையில் தங்கினோம். மழை விடாமல் கொட்டியது. அரிசி நனைந்து, உள்ளங்கைகள் கொப்பளித்து, மாஸ்டர் திருக்குறள் சொல்வதையும் நிறுத்திவிட்டார். அப்போதிக்கரி கொண்டுவந்த களிம்பை முதலில் தன் கைக்கே பூசினார்.

மூன்றாம் நாள் களப்புக்குள் இறங்கினோம். மாரி வெள்ளம் முழுவதும் அங்கேதான் வந்து தேங்கியிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு வள்ளமும் இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் வள்ளம் வேகம் பிடித்தது. ஓவசியருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"இப்பதான் நீங்கள் தண்டு வலிக்கிறியள்."

"ஓவசியர், நான் வலிக்கேல்லை" என்றார் மாஸ்டர் மெல்ல.

அப்போதிக்கரியும் வலிக்கவில்லை. நான் எப்போதோ விட்டுவிட்டேன். வள்ளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்துக் கரையில் சுண்டிக்குளத்துச் சனம் கூடிநின்று சாரத்தையும் சால்வையையும் வீசி வீசிக் கத்தியது. ஓவசியர் தொப்பியைக் கழற்றி மூன்று தரம் குனிந்து வணக்கம் சொன்னார். சனம் இன்னும் பலமாகக் கத்தியது. அவர் இன்னும் தாழக் குனிந்தார்.

அப்போதுதான் நான் அதைக் கண்டேன். களப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் ஒரு பெரிய வாய் திறந்திருந்தது. வெள்ளம் மிஞ்சினால் ஊரவர்கள் கூடித் திட்டை வெட்டிவிடுவது அங்கத்தைய வழக்கம். வெட்டிவிட்டால் களப்பு முழுவதும் கடலுக்குத்தான். எங்களுக்கு முன்னால் வெள்ளை நுரை, அதற்கப்பால் மாரிக்கடல். எங்கள் மூவருக்கும் நீச்சல் தெரியாது. 

ஓவசியர் குடையை மடக்கினார். "துருசு திறந்திட்டாங்கள்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

அதன் பிறகு விசில் இல்லை. இடது பக்கத்தில் இறால் பிடிக்க நட்ட கம்புகள் வரிசையாகத் தெரிந்தன. அந்தப் பக்கம் வலிக்கச் சொன்னார். விசில் இல்லாமலே அன்றைக்குத்தான் ஒழுங்காக வலித்தோம். ஆனாலும் வெள்ளம் எங்களைக் கம்புகளுக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. ஓவசியர் வள்ளத்துக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு, தொப்பியோடு அப்படியே தண்ணீருக்குள் குதித்தார்.

தலை இரண்டு தரம் தாழ்ந்தது. மூன்றாம் தரம் எழும்பியபோது ஒரு கம்பைக் கட்டிப்பிடித்திருந்தார்; கயிறு அதில் சுற்றியிருந்தது. வள்ளம் ஒரு உலுக்கு உலுக்கித் திரும்பி, ஆழமில்லாத பக்கம் சரிந்தது. ஊர் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். ஓவசியரின் விரல்களைக் கம்பிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது.

கரையில், அந்த ஊர் மீன்பிடி முதலாளியான சம்மாட்டியார் எங்களை வயிறார ஏசினார். ஞாயிற்றுக்கிழமை திட்டு வெட்டுகிறோம், வரவேண்டாம் என்று அதே வண்டிக்காரரிடம் பதில் அனுப்பியிருந்தார்களாம். அந்தப் பதில் தரைவழியால் போனது, நாங்கள் தண்ணீர்வழியால் வந்தோம். ஓவசியர் ஏச்சு முழுவதையும் நின்று வாங்கினார்.

அப்போதிக்கரி அவருடைய கைகளைப் பார்த்தார். கம்பில் ஒட்டியிருந்த சிப்பி இரண்டு உள்ளங்கைகளையும் கிழித்திருந்தது.

"உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது."

"பின்னை ஏன் குதிச்சனீங்கள்?"

"நான்தானே உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதரை எத்தனை நாள் பகிடி பண்ணியிருப்போம்.

சம்மாட்டியாரின் மனைவி ஏச்சு முடியும்வரை பொறுத்திருந்து, சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். கை இரண்டும் கட்டுப்போட்டிருந்ததால் ஓவசியருக்கு நாங்கள்தான் மாறி மாறி ஊட்டினோம். பாதிச் சோற்றில் வாயைத் துடைக்கச் சொல்லிவிட்டு, அடுத்த மாரிக்குக் கொக்கிளாய்க் களப்புப் பக்கம் போவோமா என்று கேட்டார். வீட்டில் போய் என்ன சொல்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மூவரும் தலையாட்டி ஓம் என்றோம்.